மர விதைகளைச் சுத்தி செய்யும் கருவிகளும் சர்க்கார் கொள்முதலும்

பொதட்டூர்பேட்டையில் தறி நெய்வோர் எவரும் நூலின் நம்பரைக் கேளாமல் அச்சு வாங்குவதில்லை. விலை மலிவென்று வாங்கிய அச்சு நூலுக்கு ஒவ்வாதாயின், அது தறிமேல் ஏறாமல் மூலையிற் கிடக்கும். காட்டிலாகா நாற்றங்கால்களுக்கென்று விதை சுத்தி செய்யும் யந்திரங்களை வாங்குவதிலும் இதே சங்கதி அடங்கியிருக்கிறது. இன்ன விதைக்கு என்று தீர்மானியாமல் யந்திரத்தை மாத்திரம் வருணித்து டெண்டர் கோரினால், வந்து சேருவது பெரும்பாலும் நெல்லுக்கும் உளுந்துக்கும் செய்யப்பட்ட யந்திரமாகவே இருக்கும்.

பொதட்டூர்பேட்டையை உள்ளிட்ட திருத்தணிப் பிரதேசம் 1960-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 1-ந் தேதி ஆந்திரத்தின் சித்தூர் ஜில்லாவிலிருந்து சென்னை இராஜ்யத்துடன் சேர்ந்தது. இப்பொழுது திருவள்ளூர் ஜில்லாவுக்குட்பட்டது. எல்லைகள் மாறினும் மண்ணும் மழையும் மாறவில்லை. வறட்சி தாங்கும் வேம்பும் புங்கும் இங்கே ஊர்தோறும் உண்டு. வடமேற்கே ஆந்திர மலைகளைத் தாயகமாகக் கொண்ட செம்மரமும் இம்மண்ணுக்குப் புதிதன்று. இதே ஜில்லாவின் கிழக்கோரத்தில், கடலை அடுத்த மணற்பாங்கில், சவுக்கு பயிராகிறது. ஒரே ஜில்லாவுக்கு வேண்டிய இம்மரங்களின் விதைகளை ஒரு தட்டில் வைத்துப் பார்த்தாலே, இவற்றையெல்லாம் ஒரு யந்திரத்தால் சுத்தி செய்வது எத்துணைக் கஷ்டமென்பது விளங்கும்.

தானியங்களுக்கு வழங்கும் யந்திரத்தின் வேலை இரண்டே. மேலே கண் பெரிய சல்லடையும் கீழே கண் சிறிய சல்லடையும் ஆடிக்கொண்டிருக்க, பெருங்குப்பை மேலே நிற்கும். மண்ணும் பொடியும் கீழே உதிரும். இடையிலே வரும் மணியின்மீது விசிறிக் காற்று பாய்ந்து பதரைத் தள்ளும். முறத்தாற் புடைப்பதையும் தூற்றுவதையும் யந்திரம் ஒருங்கே செய்கிறது என்றால் போதும். நெல்மணி ஏறத்தாழ ஓரளவாகவும் கனமாகவும் இருப்பதால் இம்முறை அதற்குப் பொருந்துகிறது.

செம்மரத்தின் காயோ வட்டமாய்த் தட்டையாய், நாற்புறமும் இறகு போன்ற விளிம்பு சூழ்ந்து, நடுவில் பெரும்பாலும் ஒரே விதையை அடக்கியிருப்பது. அதைக் காற்றிலிட்டால் பொக்குக் காயோடு நல்ல காயும் பறந்துவிடும். விளிம்பை முதலில் நறுக்கியோ தேய்த்தோ நீக்கிய பிறகே காற்று பயன்படும். சவுக்கு விதை ஒரு கிலோவில் சில லக்ஷம் இருக்கும். அதற்கும் சிறு இறகு உண்டு. தானியச் சல்லடையின் கண்களில் அது மண்ணோடு மண்ணாய் ஒழுகிப்போகும். மேலும் அதன் பதர் நல்ல விதையின் அளவாகவே இருப்பதால், மெல்லிய காற்றை அளந்து கூட்டவும் குறைக்கவும் வசதியில்லாத யந்திரத்தால் அதைப் பிரிக்க முடியாது. வேப்பம்பழத்தின் நிலை இவ்விரண்டிற்கும் வேறு. அது பிசினுள்ள சதையோடு வருவது. உலர்ந்த பொருளுக்கென்று அமைந்த சல்லடையை ஒரு நாழிகையில் அடைத்துவிடும். அதற்கு வேண்டியது தண்ணீருடன் சதையைத் தேய்த்துக் கழுவும் கருவியேயாம்.

விதையின் இயல்பை அறியாமல் நாற்று வளர்க்க இயலாதென்பதற்குப் பழைய சென்னை மாகாணத்திலேயே திருஷ்டாந்தம் உண்டு. அக்காலத்தில் மலையாள ஜில்லாவைச் சேர்ந்திருந்த நிலம்பூரில், கலெக்டர் கானலி துரை 1840-களில் தேக்கு பயிரிடத் தொடங்கியபோது முதல் முயற்சிகளில் விதை முளைக்கவில்லை. சாத்து மேனன் என்பவரின் விடாமுயற்சியாலேயே நாற்றுகள் எழுந்தன. தேக்கின் காயைக் கம்பளிபோல் மூடியிருக்கும் மேல்தோலைத் தேய்த்து நீக்குவதும், நனைத்து உலர்த்தி மீண்டும் நனைப்பதும் இன்றும் கைக்கொள்ளும் வழக்கங்களே.

சுத்தியின் லாபத்தைக் கணக்கிற் காட்டலாம். உதாரணத்துக்கு, 1 கிலோ விதைச் சரக்கில் 40 சதவிகிதமே விதை, எஞ்சியது குப்பை என்று வைத்துக்கொள்வோம். அவ்விதையிலும் பாதியே முளைக்கும் திறனுள்ளதாயின், கிலோவுக்குக் கொடுத்த பணத்துக்குக் கிடைத்தது 200 கிராம்தான். நாற்றங்காலில் பாத்திதோறும் இடைவெளி விழும். மறு விதைப்பு செய்வதற்குள் மழைக்காலம் கழிந்துவிடும். பணத்தைப் பின்னர் ஈட்டலாம், போன பருவத்தை ஈட்ட முடியாது. 2022-ல் தொடங்கப்பட்ட பசுமைத் தமிழ்நாடு இயக்கம், காடும் மரமும் சூழ்ந்த பரப்பை இராஜ்யத்தின் நிலப்பரப்பில் 33 சதவிகிதமாக உயர்த்த உத்தேசித்திருக்கையில் இது அற்ப விஷயமன்று.

இனி கொள்முதல். 1998-ம் வருஷத்துத் தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி, டெண்டர் பத்திரத்திற் குறித்த, அளந்து சொல்லத்தக்க அம்சங்களைக் கொண்டே மனுக்கள் மதிப்பிடப்பட்டு, அவற்றுள் குறைந்த விலையுள்ளது ஏற்கப்படவேண்டும். இச்சட்டத்தைக் குறைகூறுவோர் சிலர், மட்டமான யந்திரம் வருவதற்கு இதுவே காரணமென்பர். அது சரியன்று. பத்திரத்தில் எழுதாததைப் பிறகு கேட்கலாகாது என்பதே சட்டத்தின் கருத்து. ஆகவே எழுதுவோர் கையில்தான் காரியம் இருக்கிறது. "விதை சுத்தி யந்திரம், மோட்டாருடன்" என்று ஒரு வரி எழுதி நிறுத்தினால் மலிவானதே வரும். இன்னின்ன மர விதைகள், மணிக்கு இத்தனை கிலோ, சுத்தி செய்தபின் இத்தனை சதவிகிதம் தூய்மை, கழிவோடு போகும் நல்ல விதை இத்தனைக்கு மேற்படலாகாது என்று எழுதினால், மலிவான யந்திரமும் அந்த வேலையைச் செய்தே தீரவேண்டும். கழிவோடு போகும் விதையைப் பற்றிய ஷரத்தே பெரும்பாலும் மறக்கப்படுவது. தூய்மை மட்டும் கேட்டால், காற்றை அதிகப்படுத்திப் பாதி விதையை வெளியே தள்ளியும் தூய்மை காட்டிவிடலாம் அல்லவா?

இலாகாவின் சொந்த விதையைக் கொண்டு, இலாகாவின் உத்தியோகஸ்தர் முன்னிலையில் ஓட்டிக் காட்டுதலும், தொகையில் ஒரு பகுதியை அதன்பின் கொடுப்பதும் ஷரத்துகளில் இடம்பெற வேண்டும். தூய்மையை அளப்பதற்கு 1924-ல் ஏற்பட்ட சர்வதேச விதைப் பரிசோதனைச் சங்கத்தின் முறைகள் உண்டு. மாதிரியை நல்ல விதை, பிற விதை, குப்பை என மூன்றாகப் பிரித்து நிறுப்பதே அதன் சாரம். ஒரு நல்ல தராசும் பொறுமையும் இருந்தால் நாற்றங்காலிலேயே செய்யலாம். மாற்றுச் சல்லடைகளின் கண் அளவுகளைத் தனித்தனியே குறிப்பிடாமல் விட்டால் யந்திரம் ஒரே மர விதைக்குரியதாகிவிடும். மின்சாரம் மூன்று பேஸா ஒன்றா என்பதைக் கூடக் குறித்தல் நலம்.

ஒவ்வொரு நாற்றங்காலுக்கும் பெரிய யந்திரம் வேண்டுமென்பதில்லை. சவுக்கு விதையை நன்குலர்த்தினால் சில காலம் வைத்திருந்து தூரத்திலுள்ள மைய நிலையத்துக்கு அனுப்பலாம். கோயமுத்தூரில் 1988-ல் நிறுவப்பட்ட வன மரபியல் மற்றும் மர இனப்பெருக்க நிலையம் போன்றவற்றின் ஆலோசனையும் அத்தகைய மைய நிலையங்களுக்குக் கிடைக்கும். வேப்பவிதைக்கோ அந்த அவகாசம் இல்லை. பழம் உதிர்ந்த சில வாரங்களில் அதன் முளைப்புத்திறன் குன்றும். சதையோடு குவித்து வைத்தால் நொதித்துச் சூடேறி அதற்கு முன்னரே கெடும். ஆகவே வேம்பைக் கழுவும் சிறு கருவி கிராமத்துக்கு அருகிலும், சவுக்கைத் தரம் பிரிக்கும் யந்திரம் மையத்திலும் இருத்தலே முறை. சிறு நாற்றங்கால்களுக்குப் பல கண்ணளவுள்ள சல்லடைகள், தொட்டி, முறம், உலர்த்தும் களம் இவையே போதும். கொழித்துப் புடைப்பதில் தேர்ந்த பெண்மக்களின் கைக்கு ஈடான யந்திரம் செம்மரக்காய்க்கு இருக்குமா என்பதும் சந்தேகமே.

வேம்பு கோடையின் கடைசியிலிருந்து ஆடி வரையில் பழுக்கும். சர்க்காரின் வரவு செலவுக் கணக்கோ ஏப்ரல் 1-ந் தேதி தொடங்குகிறது. பணம் ஒதுக்கியபின் பத்திரம் எழுதி, டெண்டர்தாரர்களுக்கு அவகாசம் கொடுத்து, ஓட்டிப் பார்த்து வாங்குவதற்குள் பழம் உதிர்ந்து முடிந்துவிடும். விதை விவரமும் ஷரத்துகளும் அடங்கிய பத்திரத்தைத் தை மாசியிலேயே தயார் செய்து வைத்திருக்கும் கோட்டத்துக்கு மாத்திரமே கருவி அந்தப் பருவத்தில் உதவும்.