லயம் எரிந்தால் யார் பொறுப்பு?

பதுளை, பசறை, லுணுகலை, அப்புத்தளை என ஊவாவின் எப்பகுதித் தோட்டத்துக்குச் சென்றாலும் பழைய லயங்களின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. வரிசையாகப் பல காம்பராக்கள்; எல்லாவற்றுக்கும் ஒரே கூரை. பல லயங்களில் இடைச்சுவர் கூரையைத் தொடுவதில்லை. அடுப்பிலோ பழுதடைந்த வயரிலோ பற்றும் தீ, தகரத்தின் கீழுள்ள அந்த இடைவெளியால் அடுத்த காம்பராவுக்குப் பாய்கிறது. ஒரு வீட்டின் தீ முழு லயத்தையும் அழிப்பது இதனாலேயே.

எரிவது பாத்திரமும் உடுப்பும் மட்டுமல்ல. பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் எரிகின்றன. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரசாவுரிமையை இழந்து, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை பலர் அதற்காகக் காத்திருந்த ஒரு சமூகத்துக்கு, ஒரு தாளின் பெறுமதியை நாம் விளக்கத் தேவையில்லை.

தீ அணைந்ததும், "அடுப்பைக் கவனிக்கவில்லை" என்று குடியிருப்பாளர்மீது பழி போடுவது எளிது. கவனம் வேண்டியதுதான். ஆனால் தொழிலாளியிடம் லயத்துக்கு உறுதி இல்லை. சுவரை உயர்த்தவும் பின்வாசல் வைக்கவும் நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும். 1992இல் அரச தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. அதிகாரம் எங்கே உண்டோ, பொறுப்பும் அங்கேயே உண்டு.

1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், தீயின்போது தொழிலாளர் தப்பிச் செல்ல வழி இருக்கவேண்டும் என்கிறது. ஆனால் அச்சட்டம் தொழிற்சாலை வாசலோடு நின்றுவிடுகிறது. பகலில் கொழுந்து அரைக்கும் இடத்தில் பாதுகாக்கப்படும் அதே மனிதர், இரவில் பிள்ளைகளோடு உறங்கும் இடத்தில் பாதுகாக்கப்பட வேண்டாமா?

2004 யூலை 16இல் கும்பகோணத்துப் பாடசாலை ஒன்றில், சமையலறைத் தீ ஓலைக் கூரைக்குப் பரவி 94 பிள்ளைகள் மாண்டனர். நீதிமன்றம் சமைத்தவர்களோடு நின்றுவிடவில்லை. 2014இல் பாடசாலை நிறுவனரையும் குற்றவாளி எனத் தீர்த்தது. கட்டடத்தை வைத்திருப்பவர் அதன் ஆபத்துக்கும் பதில் சொல்ல வேண்டும் என்பதே இதன் பாடம்.

நாம் செய்யக்கூடியவை சில:

• லயத்தின் வயர், சுவர், வாசல் குறைகளை எழுதி, திகதியிட்டு, தோட்ட முகாமையாளரிடம் கொடுத்து, பிரதியில் ஒப்பம் பெறுவோம்.

• இடைச்சுவரைக் கூரைவரை உயர்த்தவும், மின்கசிவில் தானே நிற்கும் சுவிட்ச் பொருத்தவும் கேட்போம்.

• அடுப்புக்கு மேல் விறகு அடுக்காதிருப்போம். வாசலில் மணல் வாளி வைப்போம்.

• முக்கிய பத்திரங்களின் பிரதிகளை வேறோர் இடத்தில் வைப்போம்.

நகரத்துத் தீயணைப்பு வண்டி மலைப்பாதையில் ஏறி வருமுன் லயம் எரிந்து முடிந்துவிடலாம். ஆகவே தீக்கு முன் எழுதும் ஒரு கடிதம், தீக்குப் பின் கிடைக்கும் நிவாரணப் பொதியைவிட மேலானது.