வடகடற் கரையில் ஓராண்டு

மன்றத்து நண்பர்கள் என்னைக் கண்டதும், "குளிரை எப்படி ஐயா தாங்கினீர்?" என்று கேட்கிறார்கள். குளிரைத் தாங்குவது எளிது. கம்பளிச் சட்டை கடையில் கிடைக்கிறது. தாங்க அரியது இருள். அதைப்பற்றி எனக்கு முன்கூட்டி ஒருவரும் சொல்லவில்லை. நம் மன்றத்தார் இருவர் அடுத்த ஆண்டு அங்கே படிக்கச் செல்ல ஆயத்தமாகி வருவதால் இதை எழுதுகிறேன்.

நான் சென்ற ஊர் செயின்ட் ஆண்ட்ரூஸ். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் உள்ள சிற்றூர். குடிமக்கள் இருபதாயிரத்துக்கும் குறைவு. ஆனால் 1413-இல் தோன்றிய பல்கலைக்கழகம் ஒன்று அங்கே இருக்கிறது. மாணவர்கள் மட்டும் ஏறத்தாழ 10,000 பேர். ஊருக்குள் ரயில் கிடையாது. அந்த நிலையத்தை 1969-இல் மூடிவிட்டார்கள். லூக்கர்ஸ் என்னும் ஊரில் இறங்கிப் பேருந்து ஏறவேண்டும்.

முதற்சோதனை வீடு. உறவினரல்லாத மூவரோ அதற்கு மேற்பட்டவரோ ஒரு வீட்டில் குடியிருந்தால், வீட்டுக்காரர் அதற்கென உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். அத்தகைய வீடுகள் அங்கே குறைவு. ஆகவே செப்டம்பரில் குடிபுக வேண்டிய வீட்டுக்கு முந்திய குளிர்காலத்திலேயே மாணவர்கள் அலையத் தொடங்குகிறார்கள். நானோ ஆகஸ்டு மாதத்தில் சாவகாசமாக மின்னஞ்சல் எழுதினேன்! கிடைத்தது ஊர்க்கோடியில் ஒரு மாடியறை. "சன்னலைத் திறந்தால் கடல்" என்று வீட்டாரிடம் பெருமையடித்துக் கொண்டேன். கீழைக்காற்று வீசத் தொடங்கியதும் அந்தப் பெருமை போயிற்று.

கிழக்கிலிருந்து வரும் காற்றை நம் முன்னோர் கொண்டல் என்றார்கள். நமக்கு அது மழை கொண்டுவரும். அவ்வூர்க் கொண்டல் கொண்டுவருவது மூடுபனியை. வெதுவெதுப்பான காற்று குளிர்ந்த வடகடலின் மேல் தவழும்போது அதிலுள்ள ஈரம் குளிர்ந்து திரண்டு, வெண்படலமாகக் கரையேறுகிறது. அதற்கு 'ஹார்' என்று பெயர். வேனிற்காலத்தின் தொடக்கத்தில் இது மிகுதி. இரண்டு கல் தொலைவில் வெயில் காய, நம் தெருவில் எதிர்வீடு தெரியாது.

இனி இருளுக்கு வருகிறேன். சென்னை வடக்கே 13 பாகையில் இருக்கிறது. அவ்வூர் 56 பாகையில். ஆகையால் ஜூன் மாதத்தில் பகல் பதினேழரை மணி நேரம். டிசம்பர் மாதக் கடைசியிலோ ஏழு மணி நேரந்தான். காலை எட்டே முக்காலுக்குத் தலைகாட்டும் கதிரவன் மாலை மூன்றரைக்கெல்லாம் விடைபெற்று விடுகிறான். அக்டோபரின் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒருமணி நேரம் பின்தள்ளுகிறார்கள். மறுநாள் மாலை, யாரோ விளக்கை அணைத்துவிட்டாற் போன்ற திகைப்பு.

நவம்பரில் நான் அறையை விட்டு வெளிவரவில்லை. முதலில் இரண்டு வகுப்புகள் தவறின. பிறகு இரண்டு வாரங்கள் தவறின. அம்மாவிடம் தொலைபேசியில், "நன்றாக இருக்கிறேன்" என்பேன். அதற்குப்பின் திரும்பி வருவதற்கான விமானக் கட்டணம் எவ்வளவு என்று பார்ப்பேன். என்னை நானே சோம்பேறி என்று ஏசிக்கொண்டேன்.

பக்கத்து அறையில் கானா நாட்டு ஆராய்ச்சி மாணவர் ஒருவர் இருந்தார். ஒருநாள் கதவைத் தட்டி, "மாத்திரை சாப்பிடுகிறாயா?" என்றார். அங்கே அக்டோபர் முதல் மார்ச் வரை வெயிலின் வலிமை உடலில் வைட்டமின் டி உண்டாகப் போதாது. அக்காலத்தில் எல்லாரும் நாள்தோறும் 10 மைக்ரோகிராம் உட்கொள்ள எண்ணுமாறும், கருநிறத் தோலுடையவர் ஆண்டு முழுவதுமே உட்கொள்ள எண்ணுமாறும் அரசே அறிவுரை கூறுகிறது. மாத்திரை என் மனத்தை மாற்றிற்று என்று சொல்லமாட்டேன். நண்பகலில் நாள்தோறும் அவர் என்னை இழுத்துக்கொண்டு நடந்தாரே, அதுதான் மாற்றிற்று. ஞாயிறுகளில் உலகப் புகழ்பெற்ற பழைய கோல்ப் திடலில் ஆட்டம் இல்லை; ஊரார் நாய்களுடன் அதன்மேல் உலாவுகிறார்கள். நாங்களும் உலாவினோம்.

அப்படி வெளியே வரத் தொடங்கியபின் ஒருநாள் பேருந்தில் பள்ளிச் சிறுவர் இருவர், "மெட்ராசில்" என்று ஏதோ பேசக் கேட்டுத் திடுக்கிட்டேன். அவர்கள் படிக்கும் பள்ளிக்கூடத்தின் பெயரே 'மெட்ராஸ் காலேஜ்'! 1753-இல் அவ்வூரில் ஒரு நாவிதரின் மகனாகப் பிறந்த ஆண்ட்ரூ பெல், 1789 முதல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதிப் பள்ளியை நடத்தினார். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு அம்முறையைக் கைக்கொண்டார். மூத்த மாணவரைக் கொண்டே இளையவருக்குக் கற்பிக்கச் செய்தார். நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். 1797-இல் லண்டனில் இதை நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்று பல நாடுகளில் பரவிற்று. 1832-இல் இறந்தபோது அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்ததே அப்பள்ளி. 2021-இல் அது புதுக் கட்டடத்துக்குச் சென்றுவிட்டது, பெயர் மாறவில்லை. அச்சிறுவரிடம், "நான் மெட்ராஸ்காரன்" என்றேன். "எந்த வகுப்பு?" என்றார்கள்.

போகும் இருவரும் ஊறுகாய்ப் புட்டிகளால் பெட்டியைக் கனக்கச் செய்யவேண்டாம். பேருந்தில் டண்டீ நகருக்குச் சென்றால் அரிசியும் புளியும் கிடைக்கும். வீட்டை மட்டும் இப்போதே தேடுங்கள். என் மேசை விளக்கைக் கானா நண்பரிடம் விட்டு வந்திருக்கிறேன், கேட்டால் தருவார்.