அயர்ன் பாக்ஸா, அயர்ன் வண்டியா?

பிளேஸ்மென்ட் சீசன் வந்தாச்சு. ஹாஸ்டல்ல ஒரு அயர்ன் பாக்ஸுக்கு எட்டுப் பேர் வரிசை. "தெருமுனை அண்ணன்கிட்ட கொடுத்துருவோம்டா"ன்னு ஒருத்தன். "சட்டைக்கு 10 ரூபாய்டா, நாமளே தேய்ச்சா சும்மாதானே"ன்னு இன்னொருத்தன். சும்மாவான்னு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வீட்டு அயர்ன் பாக்ஸ் பெரும்பாலும் 1000 வாட். சூடு ஏறினா உள்ளே இருக்கிற ஈருலோகத் தகடு வளைந்து கரண்ட்டைத் துண்டிக்கும். ஆறினா திரும்பச் சேர்க்கும். பாதி நேரம்தான் கரண்ட் ஓடுதுன்னு வெச்சுக்குவோம். 5 நிமிஷத்துல முடியிற சட்டைக்கு ஏறக்குறைய 42 வாட்-மணி. 1 யூனிட்டில் 20 சட்டைக்கு மேல தேய்க்கலாம்! ஆனா பெட்டி முதல்ல சூடாகவே 2 நிமிஷம் எடுத்தா, அதுவே 33 வாட்-மணி. தினம் ஒரு சட்டை தேய்க்கிறவன் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு செலவு பண்றான். ஞாயித்துக்கிழமை மொத்தமா தேய்ச்சுடுங்க.

அப்போ அந்த 10 ரூபாய் எதுக்கு? பருத்தி இழைகளுக்குள்ள இருக்கிற ஹைட்ரஜன் பிணைப்புகள் ஈரத்திலும் சூட்டிலும் தளரும். துணி காயும்போது புது இடத்துல பிடிச்சுக்கும். அதுதான் மடிப்பு. அண்ணன் தண்ணி தெளிச்சு, கனமான கரிப்பெட்டியை அழுத்தி இழுக்கிறது இதுக்குத்தான். பெட்டியில தெர்மோஸ்டாட் கிடையாது. பாலியஸ்டர் சட்டை பொசுங்காம சூட்டைக் கணிக்கிறது அவர் கைதான். நாள் முழுக்க நின்னுகிட்டே கரிப்புகையைச் சுவாசிக்கிறதும் அவர்தான்.

இந்தப் புகையைப் பார்த்துத்தான் திருவண்ணாமலை பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர் சோலார் அயர்ன் வண்டியை வடிவமைச்சாங்க. 2021-ல எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்றுவரை போச்சு. அதே வருஷம் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டுலயும் பேசினாங்க. 5 மணி நேர வெயிலில் 6 மணி நேரம் தேய்க்கலாம்னு சொல்றாங்க.

நடக்குமா? நம்ம பழைய கணக்குப்படியே, 6 மணி நேரத்துக்கு 3 யூனிட் வேணும். 5 மணி நேரத்துல அதைச் சேர்க்க 600 வாட் பேனல். பேட்டரி இழப்பையும் சேர்த்தா இன்னும் கொஞ்சம். பரப்பு 3 சதுர மீட்டருக்கு மேல வரும். வண்டிக் கூரையைக் கொஞ்சம் நீட்டினா அடங்கிரும். பேட்டரி விலையும் எடையும்தான் இடிக்கும்.

நம்ம ஊர்ல இன்னொரு சிக்கலும் இருக்கு. தென்மேற்குப் பருவம் ஆரம்பிச்சா கம்பம், கூடலூர் பக்கம் மலையை மேகம் மூடிக்கும், சாரல் விடாது. துணி காயாத அந்த நாட்கள்லதான் அயர்ன் வண்டியில கூட்டமே வரும். பேனல் அப்போதான் தூங்கும். வினிஷாவோட வண்டியை கரண்ட்லயும் ஓட்டலாம். அதனால நம்ம தெருமுனை அண்ணனுக்கு முதல்ல வேண்டியது வேப்பமரத்தடியில ஒரு பிளக் பாயிண்ட். ஃபைனல் இயர் புராஜெக்ட் தேடுறவங்க அவர்கிட்டயே போய்க் கேளுங்க, எத்தனை மணி நேரம் பெட்டி சூட்டுல இருக்குன்னு. அப்படியே சட்டையையும் கொடுத்துட்டு வாங்க, இன்டர்வியூ நாளைக்குத்தானே?