ஓட்டம் தண்டனையானால் உடற்பயிற்சி எப்படிப் பிடிக்கும்?

பள்ளிக்குத் தாமதமாக வந்தால் கிரவுண்டை ஐந்து ரவுண்டு ஓட வேண்டும். வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் தோப்புக்கரணம். கபடிக்கு ஆள் பிரிக்கும்போது குண்டுப் பையனை எந்த அணியும் கூப்பிடாது. பத்தாம் வகுப்பு வந்தால் பி.டி. பீரியடும் கணக்குப் பாடத்துக்குப் போய்விடும். பெண்பிள்ளைகள் பலருக்கு வயதுக்கு வந்ததோடு விளையாட்டே நின்றுபோகிறது. இப்படி வளர்ந்த பிள்ளைகள்தான் கல்லூரிக்கு வருகிறார்கள். உடற்பயிற்சி நல்லது என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. அதை நினைத்தாலே மனம் சுருங்குகிறது, சிக்கல் அங்கேதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2022-இல் இந்தியாவில் 18 வயது தாண்டியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் போதிய உடலியக்கம் இல்லை. ஆண்களில் 42 சதவீதம். பெண்களில் 57 சதவீதம். வாரத்துக்கு 150 நிமிட வேகநடை போதும் என்கிறது அந்த நிறுவனம். ஒரு நாளைக்கு 20 நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாக ஆகும் இந்த வேலையைச் செய்யவிடாமல் தடுப்பது எது?

அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பான்டெலைமன் எக்கெகாகிஸ் இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். நிதானமான வேகத்தில் பெரும்பாலோருக்கு உடற்பயிற்சி இதமாகவே இருக்கிறது. மூச்சு வாங்கி, பேச்சு தடைபடும் எல்லையைத் தாண்டிவிட்டால் ஏறக்குறைய எல்லோருக்குமே அது கசந்துவிடுகிறது. உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாதவருக்கு இந்த எல்லை மிக அருகிலேயே இருக்கிறது. அவரும் அவருடைய சகாக்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி விளையாட்டு வகுப்பு பற்றிய கசப்பான நினைவுகளுக்கும் பிற்காலத்தில் அசையாமல் உட்கார்ந்தே இருக்கும் பழக்கத்துக்கும் தொடர்பு தெரியவந்தது.

புதிதாக ஜிம்மில் சேரும் முதலாண்டு மாணவனைப் பாருங்கள். முதல் நாளே பக்கத்தில் நிற்பவனுக்கு ஈடாக எடை தூக்குகிறான். மறுநாள் கையைத் தூக்கித் தலைவார முடியவில்லை. கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை என்று நின்றுவிடுகிறான். அவனைச் சோம்பேறி என்று சொல்வது அநியாயம். துன்பம் தந்த இடத்துக்கு மனம் திரும்பப் போக மறுப்பது இயல்பு.

எனவே புதிதாகத் தொடங்குபவர் உடன் வருபவரோடு பேசிக்கொண்டே செய்யக்கூடிய வேகத்தில் தொடங்கட்டும். கடினமான பகுதியை முன்னால் வைத்து, போகப்போகக் குறைத்து முடித்தால் பயிற்சி இனிமையாகவே நினைவில் நிற்கும் என்பதையும் ஆய்வுகள் காட்டுகின்றன. நடையோ, இறகுப்பந்தோ, பறையாட்டமோ, எதைச் செய்வது என்பதை மாணவரே தேர்ந்தெடுக்கட்டும்.

கல்லூரிகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. மைதானம் முழுவதையும் பல்கலைக்கழகப் போட்டிக்குப் போகும் அணிக்கே ஒதுக்கிவிட்டால் மற்றவர்கள் எங்கே போவார்கள்? மாலையில் சீக்கிரமே கேட்டைப் பூட்டும் பெண்கள் விடுதியில் இருப்பவள் எப்போது நடப்பாள்? யாரும் உற்றுப் பார்த்துக் கேலி செய்யாத ஓர் இடமும் நேரமும் அவளுக்கு வேண்டும். போட்டி, பதக்கம், மதிப்பெண் எதுவும் இல்லாத விளையாட்டு நேரம் எல்லோருக்கும் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், பள்ளியிலும் கல்லூரியிலும் ஓட்டத்தைத் தண்டனையாகக் கொடுப்பதை இன்றே நிறுத்த வேண்டும். அதற்கு நிதி வேண்டாம், அரசாணை வேண்டாம். ஆசிரியர் மனம் வைத்தால் போதும்.