வீட்டுக்குள் வந்து விழும் 'கலர்' குருவி... எங்கிருந்து வருது இந்த ஆறுமணிக்குருவி?

செப்டம்பர் கடைசி, அக்டோபர் வந்துட்டா போதும். அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் அப்படி ஒரு போட்டோ வந்துவிடும். பால்கனி மூலையிலோ, வாஷிங் மெஷின் பின்னாலோ ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் ஒரு குட்டிப் பறவை. பச்சை முதுகு, இறக்கையில் பளிச்சென்ற நீலம், வாலுக்குக் கீழே ரத்தச் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை. "யார் வீட்டுக் கிளியோ தப்பிச்சு வந்துடுச்சு" என்பார் ஒருவர். "மீன்கொத்திங்க" என்பார் இன்னொருவர்.

ரெண்டும் இல்லை. அது ஆறுமணிக்குருவி. ஆங்கிலத்தில் இந்தியன் பிட்டா.

அது என்ன ஆறு மணி?

காலையில் விடியும்போதும், மாலையில் இருட்டும்போதும், ஏறக்குறைய ஆறு மணி வாக்கில், இரண்டே சுரத்தில் விசில் அடிக்கும். அதுதான் பெயர்க் காரணம். இந்தியில் 'நவ்ரங்', அதாவது ஒன்பது நிறம். 'பிட்டா' என்பதே ஆங்கிலம் இல்லை. பறவையைக் குறிக்கும் தெலுங்குச் சொல். 1766-ல் இதற்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ், இதைக் காக்கைப் பேரினத்தில் சேர்த்துவிட்டார் என்பது தனி காமெடி. பிறகு மாற்றிவிட்டார்கள்.

இலங்கையில் சிங்களர்களிடம் இதற்கு ஒரு கதையே உண்டு. இதன் அழகான உடையை மயில் திருடிக்கொண்டு போய்விட்டதாம். அதைச் சொல்லித்தான் பொழுதன்னைக்கும் புலம்புகிறதாம்.

இன்னொரு விஷயம். பாட்டுப் பறவைகளில் பெரும்பாலானவை குஞ்சாக இருக்கும்போது பெரிய பறவைகளைக் கேட்டுத்தான் பாடக் கற்றுக்கொள்ளும். பிட்டாக்கள் அவற்றின் தூரத்துச் சொந்தம்தான். இவற்றுக்கு விசில், பிறவியிலேயே வருவது. டியூஷன் தேவையில்லை.

எங்கிருந்து வருது?

இமயமலை அடிவாரம், மத்திய இந்தியக் காடுகள், மேற்குத் தொடர்ச்சி மலையின் சில பகுதிகள். தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் அங்கே கூடு கட்டும். காய்ந்த இலை, புல், குச்சிகளை வைத்து உருண்டையாக, பக்கவாட்டில் வாசல் வைத்த கூடு. நான்கைந்து முட்டைகள். ஆண், பெண் இரண்டும் சேர்ந்தே குஞ்சுகளைப் பார்த்துக்கொள்ளும்.

மழை ஓய்ந்ததும் தெற்கே கிளம்பிவிடும். தமிழ்நாடு, கேரளா, கடல் தாண்டி இலங்கை. டேராடூன் பக்கமிருந்து யாழ்ப்பாணம் வரை என்று வைத்துக்கொண்டால் 2,000 கிலோமீட்டருக்கும் மேல். இத்தனைக்கும் பறவையின் எடை 50 கிராம் சொச்சம்தான். வால்கூட ஒட்ட வெட்டியது போலக் குட்டை. பறப்பது ராத்திரியில். களைத்துப்போய் இறங்கும் இடத்தில் காடு இருந்தால் பிரச்னை இல்லை. நகரம் என்றால் வெளிச்சம் குழப்பும், கண்ணாடி ஜன்னல் கண்ணுக்குத் தெரியாது. மோதி விழும். விழுந்ததும் காக்காயும் பூனையும் ரெடியாக இருக்கும்.

வீட்டில் விழுந்தால் என்ன செய்வது?

முதலில் செல்ஃபி வேண்டாம். மெல்லிய துணியால் மூடி எடுத்து, காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் வையுங்கள். இருட்டு, அமைதி - அதற்கு வேண்டியது இவ்வளவுதான். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். சோறு, பிஸ்கட்டும் வேண்டாம். அது புழு, பூச்சி தின்னும் பறவை. மோதிய அதிர்ச்சி மட்டும்தான் என்றால் சில மணி நேரத்தில் சுறுசுறுப்பாகிவிடும். ராத்திரி கிடைத்தால் விடிந்ததும், மரம், புதர் உள்ள இடத்தில் பெட்டியைத் திறந்துவிடுங்கள். இறக்கை தொங்கினாலோ, ரத்தம் வந்தாலோ வனத்துறைக்குச் சொல்லுங்கள். அழகா இருக்கேன்னு கூண்டில் வைத்தால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

இப்போதைக்கு இது அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் இல்லை. ஆனால் ஏப்ரல், மே வாக்கில் வடக்கே திரும்பும் வரை இங்கே சாப்பிட வேண்டுமே! தரையில் நடந்து, காய்ந்த சருகைப் புரட்டித்தான் இரை தேடும். சுத்தம் என்ற பெயரில் தினமும் கூட்டி எரிக்கும் பூங்காவில் அதற்கு ஒன்றுமே கிடைக்காது. மரத்தடியில் கொஞ்சம் சருகை அப்படியே விட்டிருக்கும் வளாகங்களில், சாயங்காலம் ஆறு மணிக்கு இயர்போனைக் கழற்றினால் அந்த இரண்டு சுர விசில் கேட்கலாம்.