நீதிமன்றப் பதிவறைக்கு வழி

வேலூரிலிருந்து ஆற்காட்டை நோக்கிச் செல்லும் பெருவழியில், பாலாற்றுக்குத் தென்புறத்தே அமைந்த ஊர் மேல்விஷாரம். ஊர் கண்ணில் படுவதற்கு முன்னரே தோல் பதனிடும் வாடை அவ்வூரை அறிவித்துவிடும். ஆவாரம்பட்டையைக் கொண்டு தோலைப் பதப்படுத்திய காலம் ஒன்று இருந்தது. பின்னர் குரோமிய உப்புகள் வந்தன. தொழில் பெருகியது, பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு கிடைத்தது. கழிவுநீர் வாய்க்காலுக்கும் ஏரிக்கும் ஆற்றுக்கும் போயிற்று.

அவ்வூர்க் கல்லூரியில் பயிலும் மாணவர் ஒருவர் தம் பாட்டனாரிடம், "நம் கிணற்றுத் தண்ணீர் எப்பொழுது கெட்டது?" என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். பெரியவர் தம் நினைவில் உள்ளதைச் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரர் வேறொன்று சொல்வார். தோல் வணிகர் மூன்றாவதாக ஒன்று சொல்வார். மூவருள் எவரும் பொய் சொல்ல வேண்டும் என்பதில்லை. நினைவின் இயல்பு அப்படி. ஆயினும், இரு தரப்பாரும் நேருக்கு நேர் நின்று, ஒருவர் கூற்றை மற்றவர் மறுத்து, இறுதியில் நடுவர் ஒருவர் எழுதி வைத்த ஏடு ஒன்று உண்டு. அதுவே நீதிமன்ற ஏடு. அதை எங்கே தேடுவது, எவ்வாறு பெறுவது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு ஒன்றைத் தாக்கல் செய்தது. அதன் எண் 914. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு 1996 ஆகஸ்டு 28-இல் தீர்ப்பு வழங்கியது. சட்டம் பயில்வோர் நாடெங்கும் இத்தீர்ப்பைப் படிக்கிறார்கள். ஆற்றங்கரையில் வாழும் நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்கும்போது சற்று வெட்கமாகவே இருக்கிறது.

அத்தீர்ப்பு கடினமான நூலன்று. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், குரோமிய முறையில் சுமார் 170 வகை இரசாயனப் பொருள்கள் பயன்படுகின்றன என்றும் அதில் காணலாம். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் செய்த ஆய்வையும் தீர்ப்பு எடுத்துக்காட்டுகிறது. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்பது அந்த ஆய்வின் முடிவு. அதே தீர்ப்பில் தோல் தொழிலின் சிறப்பும் மறைக்கப்படவில்லை. பதனிட்ட தோல் ஏற்றுமதியில் நாட்டின் பங்கில் 80 விழுக்காடு அளவு தமிழ்நாட்டினுடையது என்பதும் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. தொழிலும் வேண்டும், நீரும் வேண்டும் என்ற இக்கட்டில் நடுவர்கள் எவ்வாறு வழி கண்டார்கள் என்பதை அவர்கள் சொற்களிலேயே படிப்பது ஒரு தனிப் பயிற்சி. கேடு வரும் என்ற ஐயம் உள்ளபோதே தடுக்க வேண்டும், மாசு செய்தவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்னும் இரு கோட்பாடுகளும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உறுதிப்பட்டது இத்தீர்ப்பினால்தான். ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது.

இதனைப் பெறுவது எளிது. உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புத் தொகுதிகளை 2023-ஆம் ஆண்டு முதல் இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கத் தந்திருக்கிறது. பெயரும் ஆண்டும் தெரிந்தாற் போதும். கல்லூரி நூலகத்துக் கணிப்பொறி முன் பத்து நிமிடம் உட்கார்ந்தால் வேலை முடிந்தது.

கீழமை நீதிமன்றங்களின் ஏடுகளோ அவ்வளவு எளிதில் கிட்டுவன அல்ல. ஒரு வரப்புத் தகராறு, ஒரு பாகப் பிரிவினை, ஒரு கூட்டு வாணிகத்தின் முறிவு ஆகிய இவையே உண்மையில் ஓர் ஊரின் வரலாறு. இவை அச்சேறுவதில்லை, பதிவறையில் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. வழக்கு எண் தெரியாமல் ஒரு பதிவறை வாயிலில் அரை நாள் நின்று திரும்பியவன் நான். அங்கிருந்த எழுத்தர் கடிந்துகொள்ளவில்லை, "எண்ணும் ஆண்டும் இல்லாமல் எந்தக் கட்டைப் பிரிப்பது ஐயா?" என்றுதான் கேட்டார். அவர் கேட்டது நியாயமே. ஆகவே எந்த நீதிமன்றம், எவ்வகை வழக்கு, என்ன எண், எந்த ஆண்டு என்ற நான்கையும் முதலில் அறிந்துகொள்ள வேண்டும். உரிமை வழக்கு என்றால் அசல் வழக்கு எண். அதற்கு மேலே போனது என்றால் மேல்முறையீட்டு எண். இரண்டும் வெவ்வேறு.

இந்நாளில் இந்த நான்கையும் அறிய மின்னணு நீதிமன்றத் திட்டத்தின் இணையதளம் உதவுகிறது. மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்து, கட்சிக்காரர் பெயரையும் ஆண்டையும் கொடுத்துத் தேடலாம். ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்தும் இலக்கமும் கொண்ட தனிக் குறியீடு உண்டு. அதன் கடைசி நான்கு இலக்கங்கள் ஆண்டைக் குறிப்பன. அதைக் குறித்துக்கொண்டால் மறுமுறை தேட வேண்டியதில்லை. ஆனால் ஓர் இடர்ப்பாடு. பெயர்கள் ஆங்கில எழுத்தில் பதியப்பட்டிருக்கும். நம் பகுதியில் வழங்கும் அரபுப் பெயர் ஒன்றை ஐந்து எழுத்தர்கள் ஐந்து விதமாக எழுதியிருப்பார்கள். தமிழ்ப் பெயர்களின் கதியும் அதுவே. எனவே முழுப் பெயரையும் கொடுத்து ஏமாறாமல், முதல் மூன்று நான்கு எழுத்துகளை மட்டும் கொடுத்து, வரும் பட்டியலைப் பொறுமையாகப் படிப்பது நல்லது.

பழைய வழக்குகள் கணிப்பொறியில் இருக்கும் என்று எதிர்பார்த்தல் வீண். அங்கே வேறொரு சிக்கலும் எழும். மேல்விஷாரம் இன்று இராணிப்பேட்டை மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்டம் 2019-இல் வேலூர் மாவட்டத்திலிருந்து பிரிந்தது. அதற்கு முன்னர் 1989 வரை இரண்டும் பழைய வட ஆற்காட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்தன. அந்த வட ஆற்காட்டுக்கும் 1911 வரை தலைநகரம் வேலூர் அன்று. இன்று ஆந்திர மாநிலத்தில் இருக்கும் சித்தூர்! மாவட்ட எல்லை நகரும்போது ஏடுகளும் உடன் நகர வேண்டும் என்பதில்லை. கொள்ளுப்பாட்டனார் காலத்து மாவட்ட நீதிமன்ற மேல்முறையீடு ஒன்றைத் தேடுபவர், வேலூரில் இல்லை என்ற விடையோடு நின்றுவிடாமல், அவ்வாண்டில் மாவட்ட நீதிபதி எங்கே அமர்ந்தார் என்று கேட்க வேண்டும்.

எண் கிடைத்த பின் நகல் மனு எழுத வேண்டும். வாதியோ பிரதிவாதியோ ஆனவர் நகல் கேட்பதில் சிக்கல் இல்லை. வழக்கோடு தொடர்பில்லாத மூன்றாம் மனிதர், மாணவராயினும் சரி, தமக்கு அந்த ஏடு எதற்காக வேண்டும் என்பதை விளக்கும் பிரமாண வாக்குமூலத்தோடு மனுச் செய்து நீதிமன்றத்தின் இசைவைப் பெற வேண்டியிருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒரு கடிதம் எழுதினால் வந்துவிடாதா என்று சிலர் கேட்கிறார்கள். வராது. நீதித்துறை ஏடுகளின் நகலை உயர் நீதிமன்ற விதிகளின் வழியாகவே பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சு மாதத்தில், குஜராத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், முடிவு கூறியது. ஆராய்ச்சி என்பது நேர்மையான காரணந்தான். அதைத் தெளிவாக எழுத வேண்டும். நகலுக்கான கட்டண வில்லைகளைக் கேட்கும்போது தராவிட்டால் மனு தள்ளுபடியாகும். ஆகவே மனுவைக் கொடுத்துவிட்டு வீட்டில் உறங்காமல், அவ்வப்போது சென்று விசாரித்து வருவது அவசியம். முத்திரையிட்டு, உண்மை நகல் என்று சான்றளித்துக் கொடுப்பதே சட்டத்தின் முன் செல்லும். இதற்கான விதி முன்பு 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் இருந்தது. 2024 ஜூலை முதல் அதனிடத்தில் வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் இருக்கிறது.

கீழமை நீதிமன்ற ஏடுகளுள் பல தமிழிலேயே இருக்கும் என்பது நமக்குக் கிடைத்த பேறு. சாட்சிகள் கூறியதை எழுதியுள்ள பக்கங்களில் தோல் மண்டிக் கணக்கும், கூலி விவரமும், ஏரி மதகின் பெயரும் பேச்சுத் தமிழின் சாயலோடு வரக்கூடும். தீர்ப்பைவிட இந்தப் பக்கங்கள்தாம் எனக்குச் சுவையானவை.

எல்லா ஏடும் எல்லோருக்கும் திறந்திரா. பாலியல் குற்றத்துக்கு ஆளானவர் பெயரையோ, அத்தகைய வழக்கில் சிக்கிய குழந்தையின் அடையாளத்தையோ சட்டம் மூடி வைக்கிறது, அது முறையே. மற்றொன்று, ஏடுகளுக்கு ஆயுள் உண்டு. 1917-ஆம் ஆண்டின் ஏடுகள் அழிப்புச் சட்டத்தின் கீழ் இயற்றப்பட்ட விதிகளின்படி, குறித்த காலம் கடந்ததும் பல தாள்கள் அழிக்கப்படுகின்றன. தீர்ப்பு எஞ்சியிருக்கும்; அதற்கு ஆதாரமாயிருந்த சில்லறைத் தாள்கள் போய்விட்டிருக்கும். தேட நினைப்பவர் காலம் தாழ்த்தலாகாது.

இந்தத் தாள்களால் ஓர் ஏழைக் குடியானவருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் விளைவாக அமைந்த இழப்பீட்டு ஆணையம் 2001 மார்ச்சு 7-இல் தன் முடிவை அளித்தது. 29,000-க்கு மேற்பட்டோருக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் தரவேண்டும் என்று அது கணக்கிட்டது. 2009-இல் மற்றொரு முடிவும் வந்தது. அப்புறமும் வழக்கு ஓயவில்லை. 2025 ஜனவரி 30-இல் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் ஆகியோரைக் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, இதுவரை பணம் பெறாதவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் அரசே கொடுத்து, பின்னர் மாசு செய்தவர்களிடமிருந்து அதை வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டது. முதல் முடிவுக்கும் இந்த ஆணைக்கும் இடையே ஏறக்குறைய இருபத்து நான்கு ஆண்டுகள். இழப்பீட்டுக்கு உரியவர் இடையில் இறந்திருந்தால், "எங்கள் தந்தைக்கு உரியது" என்று மகன் வாயால் சொல்வது போதாது. ஆணையத்தின் முடிவில் அப்பெயர் இருப்பதைக் காட்ட வேண்டும். தாம் வாரிசு என்பதையும் காட்ட வேண்டும்.

அந்த 2025-ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கு நடுநிலை மேற்கோள் எண் 131. தீர்ப்பைப் படித்து, தம் தெருப் பெரியவர் ஒருவருக்கு அதன் பொருளைத் தமிழில் எடுத்துச் சொல்லும் வேலையை, மேல்விஷாரத்து மாணவர் யாரேனும் வரும் விடுமுறையில் தொடங்கலாம்.