சுருட்டை முடியும் மார்கழிப் பனியும்

மார்கழி பிறந்துவிட்டது என்பதைத் தாமிரபரணிக் கரை வீடுகளில் முதலில் சொல்வது தேங்காய் எண்ணெய்ப் புட்டிதான்!

இரவில் தண்ணீர் போல இருந்த எண்ணெய், விடிந்து பார்த்தால் வெண்ணெய் போல உறைந்து நிற்கும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி வெப்பத்தில் உறையத் தொடங்குகிறது. தூத்துக்குடிச் சீமையில் கடுங்குளிர் கிடையாது. மார்கழி விடியற்காலையில்கூட வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆனால் எண்ணெய் உறைவதற்கு அந்தக் குளிரே போதும்.

எண்ணெய் உறைந்தால் மற்றவர்களுக்குக் கவலை இல்லை. சுருட்டை முடிக்காரர்களுக்குத்தான் கவலை. ஆதிச்சநல்லூரிலும், ஸ்ரீவைகுண்டத்திலும், அக்கம்பக்கத்து ஊர்களிலும் காலை நேரத்தில் இப்படிப் பேச்சு கேட்கும்:

"ஏட்டி, இங்க வா. தலையைக் காட்டு. சிக்கு எடுக்கணும்."

"வேண்டாம் ஆச்சி, வலிக்கும்."

"வலிக்காம எப்படி இருக்கும்? நேத்து ராத்திரி ஈரத்தோட படுத்துக்கிட்ட. அப்படியே அப்பன் முடி!"

"அத்தை, பேசாம பார்லருக்குக் கூட்டிட்டுப் போயி நேராக்கி விட்டிருங்க. நாளைக்குப் பொண்ணு பாக்க வாறவங்களும் கேப்பாங்கள்லா?"

சிறுமி பேசாமல் உட்கார்ந்திருப்பாள். தன் தலையில் ஏதோ குற்றம் இருக்கிறது என்று அவள் நினைத்துக் கொள்கிறாள். அப்படி நினைக்க வேண்டிய அவசியம் உண்டா?

முடி ஏன் சுருள்கிறது?

முடி தலைத்தோலில் உள்ள ஒரு சிறு குழிக்குள் இருந்து முளைக்கிறது. குழி நேராக இருந்தால் முடியும் நேராக வளரும். குழி வளைந்திருந்தால் முடி சுருண்டு வளரும். இது தாய் வழியிலோ தந்தை வழியிலோ வருவது. சீப்பாலோ எண்ணெயாலோ இதை மாற்ற முடியாது.

தலைத்தோலில் இயற்கையாகவே ஓர் எண்ணெய் ஊறுகிறது. நேரான முடியில் அது அடிவரை இறங்கிவிடும். சுருட்டை முடியில் வளைவுகளைத் தாண்டி இறங்குவது கஷ்டம். அதனால்தான் வேரில் பசை இருக்கும். நுனி மட்டும் வறண்டு கிடக்கும். வறண்ட முடி சிக்காகும். சிக்கை இழுத்தால் அறுந்து போகும்.

"சுருட்டை முடி வளராது" என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. எந்த முடியும் மாதத்திற்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளரும். சுருட்டை முடி சுருண்டு கொள்வதால் நீளம் தெரிவதில்லை. அவ்வளவுதான்.

முடி சொல்லும் மழைச் செய்தி

மழை வரப் போகிறது என்றால் சுருட்டை முடி பம்மென்று எழுந்து நிற்கும். "என்ன செய்தாலும் அடங்க மாட்டேன் என்கிறதே!" என்று பெண்கள் அலுத்துக் கொள்வார்கள். இதற்கு ஒரு காரணம் உண்டு.

முடி என்பது கெராட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரத இழைகளை இரண்டு விதமான முடிச்சுகள் கட்டி வைத்திருக்கின்றன. ஒன்று இறுக்கமான முடிச்சு. அது தண்ணீருக்கு அவிழாது. இன்னொன்று லேசான முடிச்சு. ஈரம் பட்டால் அவிழும். காய்ந்தால் மறுபடி விழும். காற்றில் ஈரம் ஏறினால் முடி அதை உறிஞ்சிக் கொள்கிறது. லேசான முடிச்சுகள் கண்டபடி அவிழ்ந்து விழுகின்றன. முடியும் கண்டபடி நிற்கிறது.

இதை வைத்தே ஒரு கருவி செய்தார் ஒருவர்! அவர் பெயர் சொசூர். ஜெனீவா நகரத்து விஞ்ஞானி. காற்றில் ஈரம் கூடினால் தலைமுடி நீளுகிறது, குறைந்தால் சுருங்குகிறது என்பதை அவர் கண்டார். வறண்ட காற்றுக்கும் நிறைந்த ஈரக் காற்றுக்கும் இடையே 100-க்கு 2 பங்கு அளவு நீளம் மாறும். ஒரு முடியை இழுத்துக் கட்டி, அதன் நுனியில் முள் ஒன்றை இணைத்து, ஈரத்தை அளந்தார். அதைப் பற்றி 1783-ல் நூலும் வெளியிட்டார். அதன் பிறகு நெடுங்காலம் வானிலை நிலையங்களில் மனிதத் தலைமுடி வேலை பார்த்தது!

ஆகவே ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் முடி அடங்கவில்லை என்றால், அது முடியின் பிடிவாதம் அல்ல. காற்றில் உள்ள ஈரம். தூத்துக்குடிப் பக்கத்திற்குப் பெரும்பாலான மழை இந்த மாதங்களில்தான். போதாததற்குக் கடல் காற்று வேறு. ஆனி, ஆடியிலோ நிலைமை தலைகீழ். மேல்காற்று வறண்டு வீசும். அப்போது முடியும் வறண்டு போகும்.

நெற்றியில் தங்கம்!

தலையைப் பேணுவது இந்த மண்ணுக்குப் புதிது அல்ல.

திருநெல்வேலியில் இருந்து திருச்செந்தூர் போகும் வழியில், சுமார் 24 கிலோமீட்டர் தூரத்தில், தாமிரபரணியின் தென்கரையில் இருக்கிறது ஆதிச்சநல்லூர். அங்குள்ள பறம்பில் 1876-ல் ஜெர்மானியரான ஜாகர் தோண்டிப் பார்த்தார். பிறகு அலெக்சாண்டர் ரீ என்ற தொல்பொருள் அதிகாரி 1899 முதல் 1905 வரை அகழ்ந்தார். முதுமக்கள் தாழிகள் வரிசை வரிசையாக வெளிவந்தன. இரும்பு ஆயுதங்கள், வெண்கலப் பாத்திரங்கள், எருமை, சேவல் உருவங்கள் எல்லாம் கிடைத்தன. கூடவே தங்கப் பட்டங்களும் கிடைத்தன.

மெல்லிய தகடாக அடித்த தங்கம். நீள்வட்ட வடிவம். சிலவற்றின் இரு முனைகளிலும் கயிறோ கம்பியோ கோக்கத் துளைகள். இவை நெற்றியில் கட்டும் பட்டங்கள் என்று கருதப்படுகின்றன. 2022 ஆகஸ்டில் மறுபடியும் ஒரு தங்கப் பட்டம் அங்கே கிடைத்தது. 2023-ல் அகழ்ந்த இடத்திலேயே கண்ணாடித் தளம் அமைத்து, மக்கள் மேலே நின்று பார்க்க வழி செய்தார்கள்.

அந்தப் பட்டத்தை அணிந்தவர்களின் முடி நேரா, சுருட்டையா? யாரும் சொல்ல முடியாது. முடி மண்ணோடு மண்ணாகிவிடும், தங்கம் நிற்கும். ஆனால் ஒன்று நிச்சயம். சுமார் 3000 ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊரில் தலைக்கு அணி பூட்டி அழகு பார்த்திருக்கிறார்கள்.

நம் பழைய தமிழில் சுருண்ட கூந்தலுக்குச் 'சுரியல்' என்று ஒரு தனிச் சொல்லே உண்டு. 'சுரிகுழல்' என்றும் சொன்னார்கள். இரண்டும் அழகைப் பாராட்டும் சொற்கள். கேலிச் சொற்கள் அல்ல!

எண்ணெய் வைப்பது எப்படி?

"எண்ணெய் வைத்தால் என்ன லாபம்?" என்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. லாபம் உண்டு. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் முடியில் தேய்த்துச் சோதித்து, 2003-ல் இந்திய ஆராய்ச்சியாளர்கள் முடிவை வெளியிட்டார்கள். குளிக்கும் முன்போ பின்போ தேய்த்தாலும், முடியில் இருந்து புரதம் போவதைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே குறைத்தது. அது முடியின் உள்ளே இறங்கக் கூடியது என்பதே காரணம்.

உறைந்த எண்ணெயை அடுப்பில் வைக்க வேண்டாம். புட்டியை வெந்நீரில் சிறிது நேரம் நிறுத்தினால் போதும். தலைக்குக் குளிப்பதற்கு முன்னால், முக்கியமாக முடியின் நுனிப் பாகத்தில் தடவ வேண்டும்.

பொடுகு இருந்தால் தலைத்தோலில் எண்ணெயைத் தேக்கி வைக்கக் கூடாது. பொடுகுக்குக் காரணமான கிருமி அந்தப் பசையைத் தின்றே வளர்கிறது. அப்படிப்பட்டவர்கள் முடியில் மட்டும் தடவலாம்.

குளிக்கும்போது கவனம்

கொதிக்கும் வெந்நீரைத் தலையில் ஊற்றக் கூடாது. உள்ள பசையும் போய்விடும். வெதுவெதுப்பான நீர் போதும்.

கடற்கரை ஊர்களில் கிணற்று நீரும் போர் நீரும் உப்பாக இருக்கும். அதில் குளித்தால் முடி முரடாகும். கடைசியில் ஒரு வாளி ஆற்று நீரோ மழை நீரோ ஊற்றி அலசினால் வித்தியாசம் தெரியும்.

சீயக்காய் ஆனாலும் ஷாம்பூ ஆனாலும் தலைத்தோலுக்குத்தான் தேய்க்க வேண்டும். நுரை வழிந்து போகும்போது நுனியும் சுத்தமாகிவிடும். ஷாம்பூ சீமைச் சரக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சொல் நம் நாட்டுச் சொல்! அமுக்கிப் பிடிப்பதைக் குறிக்கும் இந்திச் சொல்லில் இருந்து பிறந்தது. பாட்னாவில் பிறந்த தீன் முகமது என்பவர் 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் குளியல் நிலையம் வைத்து, அந்தச் சொல்லை அங்கே பிரபலமாக்கினார்.

குளித்த பிறகு முரட்டுத் துண்டால் அடித்துத் துவட்ட வேண்டாம். பழைய நூல் வேட்டியால் ஒற்றி எடுத்தால் முடி அறுபடாது.

சிக்கு எடுக்கும் முறையே முக்கியம். சுருட்டை முடியைக் காய்ந்த பின் வாரக் கூடாது. லேசான ஈரம் இருக்கும்போது, பல் அகன்ற சீப்பால் வார வேண்டும். உச்சியில் இருந்து இழுக்கக் கூடாது. நுனியில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே போக வேண்டும். பிள்ளை அழாது!

ஈரத்தோடு சடை பின்னி அனுப்பினால் நாள் முழுவதும் முடி உள்ளே காயாது. நாற்றமும் அரிப்பும் வரும். காலையில் நேரம் இல்லாவிட்டால், முதல் நாள் மாலையிலேயே தலைக்குக் குளிப்பாட்டிக் காயவைத்து விடலாம்.

சாம்பிராணி போடுவது நல்ல வழக்கம்தான். ஆனால் மழைக்குப் பயந்து கதவையும் ஜன்னலையும் அடைத்துக் கொண்டு போடக் கூடாது. கரி எரியும்போது வரும் நச்சு வாயு கண்ணுக்குத் தெரியாது. அது உயிரையே கொல்லும். கைக்குழந்தையும் ஆஸ்துமாக்காரரும் புகையில் இருக்கவே கூடாது.

"ஈரத் தலைதான் சளிக்குக் காரணம்" என்பார்கள். சளியைக் கொண்டு வருவது கிருமி. மழைக் காலத்தில் எல்லோரும் ஒரே அறையில் அடைந்து கிடப்பதால் ஒருவரிடம் இருந்து ஒருவருக்கு எளிதில் தொற்றுகிறது. கை கழுவுவதும், இருமும்போது வாயை மூடுவதும்தான் காவல். உடன்குடிக் கருப்பட்டி போட்ட சுக்குக் காபி தொண்டைக்கு இதமாக இருக்கும். ஆனால் காய்ச்சல் நீடித்தால் டாக்டரிடம் போவதுதான் சரி.

2023 மழையை மறக்கலாமா?

மார்கழி எப்போதும் சாதுவாக இருப்பதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரெயில், சுமார் 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. தாமிரபரணி ஊருக்குள் வந்தது.

வெள்ள நீரில் சாக்கடையும் கலந்திருக்கும். அதில் நனைந்த தலையை, நல்ல நீர் கிடைத்தவுடன் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். முகாமில் இருக்கும்போது சீப்பையும் துண்டையும் பிறருடன் பகிர்ந்தால் பேன் பரவும். முடியை இறுக்கமில்லாமல் பின்னிக் கட்டிக் கொள்வது நல்லது.

நேராக்கும் மருந்து: எச்சரிக்கை!

இப்போது வருவோம், "நேராக்கி விட்டிருங்க" என்ற யோசனைக்கு.

முன்னே சொன்ன இறுக்கமான முடிச்சை உடைத்தால்தான் சுருட்டை முடி நிரந்தரமாக நேராகும். அதற்குக் கடுமையான ரசாயனம் வேண்டும். சில மருந்துகளைச் சூடாக்கும்போது பார்மால்டிஹைடு என்ற வாயு கிளம்புகிறது. கண் எரியும், மூச்சு திணறும். அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு அறிவித்திருக்கிறது.

அமெரிக்காவில் 33 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சுமார் 11 ஆண்டுகள் கவனித்து, 2022-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நேராக்கும் மருந்தை அடிக்கடி, அதாவது ஆண்டுக்கு 4 தடவைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் வரும் ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. மருந்தே காரணம் என்று அந்த ஆய்வு முடிவாகச் சொல்லவில்லை. ஆனாலும் யோசிக்க வேண்டிய விஷயம் அல்லவா?

இத்தனையும் செய்து கிடைப்பது என்ன? வேர்க்குழி வளைந்தபடியேதான் இருக்கிறது. மாதம் ஒரு சென்டிமீட்டர் புது முடி சுருண்டே வளரும். சில மாதங்களில் மறுபடி பணம் கட்ட வேண்டும்!

வெயிலுக்கு ஒரு குடை

சுருட்டை முடியால் நன்மையே இல்லையா? உண்டு. மனித உருவப் பொம்மை ஒன்றைச் சூடாக்கி, அதன் தலையில் பலவித முடிகளை வைத்து, மேலே வெயில் போன்ற விளக்கைக் காட்டிச் சோதித்தார்கள். 2023-ல் முடிவு வெளிவந்தது. வெயிலின் வெப்பம் தலைக்குள் இறங்காமல் மிக நன்றாகத் தடுத்தது, நெருங்கிச் சுருண்ட முடிதான்! சித்திரை வெயில் அடிக்கும் ஊருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

முடியைக் காட்டி ஒருவரை ஒதுக்குவது உலகமெங்கும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் கருப்பு இனத்துப் பெண்கள் பலருக்குச் சுருட்டை முடியால் பள்ளியிலும் வேலையிலும் தொல்லை நேர்ந்தது. அதைத் தடுக்க 2019-ல் கலிபோர்னியா மாநிலம் சட்டமே கொண்டு வந்தது. நம் வீடுகளில் இதற்குச் சட்டம் தேவையில்லை. சிக்கு எடுக்கும் கை சற்று மெதுவாக இருந்தால் போதும். "இது என்ன முடி!" என்று சலித்துக் கொள்ளாமல், "உன் முடி அழகாக இருக்கிறது" என்று தாயோ ஆச்சியோ ஒரு வார்த்தை சொன்னால், அந்தப் பெண் தலை நிமிர்ந்து பள்ளிக்கூடம் போவாள்.